பதினொரு நிமிடம்

திரியெஸ்தேயிலிருந்து மொனாக்கோவுக்கு
இரண்டு டிக்கெட்.
என்னுடையது அலுவலகக் கணக்கில்,
சில்வானோவுடையது வீட்டுக் கணக்கில்.
நடுவில் ஒரே ஒரு சாண்ட்விச்.
அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று
மிலான் தாண்டும்வரை தகராறு.

நான் நீச்சல்குளத் தண்ணீரைச் சோதிப்பவள்.
இருபத்திரண்டு வருடமாக,
மணிக்கட்டுக்கு மேல் நனைந்ததில்லை.
அவன் போன ஏப்ரலில் ஓய்வுபெற்ற
பேருந்து ஓட்டுநர்.
"நீ வேலையைப் பார், நிவெஸ்.
உன் பங்குக்கும் சேர்த்து நான் குளித்துக்கொள்கிறேன்."

நிலம் போதாமல்
நின்றபடியே வளர்ந்துவிட்ட ஊர்.
நடைபாதை முடிகிற இடத்தில்
லிஃப்ட் ஒன்று வாய் திறக்கிறது.
முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பிறந்த கார்கள்
சிக்னலில் நின்று
தொண்டையைச் செருமிக்கொள்கின்றன.
"பாவம், ஓட இடமில்லை" என்றான்
மேடும் வளைவுமாகவே
முப்பத்தோரு வருடம் ஓட்டியவன்.

ஓட்டலில் ஒரு காப்பி பதினான்கு யூரோ.
அவன் அதை அரை மணிநேரம் குடித்தான்,
ஆறியதையும் ஊதி ஊதி.

பிறகு புது நீச்சல் உடை,
இடுப்பில் விலைச்சீட்டு தொங்க,
குளத்தின் ஆழமில்லாத பக்கம் இறங்கினான்.
நான் ஆழமான பக்கம் மண்டியிட்டு
கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மொண்டேன்.

முதல் மாத்திரைக்கு இளஞ்சிவப்பு. சரி.
இரண்டாவதற்கு நிறம் ஏறக் கூடாது.
ஏறியது.
மறுபடி மொண்டேன். மறுபடியும் ஏறியது,
பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம்போல.

குளத்தில் அடிக்கும் அந்த நெடியை
சுத்தத்தின் வாசனை என்பார்கள்.
இல்லை. அது
அழுக்கோடு மோதிக் களைத்துப்போன
குளோரினின் மூச்சு.
விதிப்படி உடனே எல்லோரையும் வெளியேற்ற வேண்டும்.

எல்லோரும் என்றால்
முத்துமாலையோடு நீந்தும் ஓர் அம்மாள்,
சகோதரர்கள்போல இரண்டு பையன்கள்,
சில்வானோ.

அவன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான்.
கைகள் விரிந்து,
ஸ்டியரிங்கை எங்கோ விட்டுவிட்டு.
வயிறு ஒரு சின்னத் தீவு.
அந்த முகத்தை நான்
எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.
அன்று அவனுக்குக் காலணி கடித்தது.

முத்துமாலை தானாகவே ஏறிப் போனாள்.
பையன்களை ஐஸ்கிரீம் கூப்பிட்டது.

நான் மூன்றாவது குப்பியை மொண்டேன்,
தேவையில்லாமல்.
நான்காவதையும்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த பியொரெல்லா,
வெந்திமிலியாவிலிருந்து விடியல் ரயிலில் வருபவள்,
என் கையைப் பார்த்தாள், குப்பியின் நிறத்தைப் பார்த்தாள்,
மிதக்கிற தீவைப் பார்த்தாள்.
"உங்கள் ஆளா?"
தலையசைத்தேன்.
மடித்து முடித்த துண்டை உதறி
மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

பதினொரு நிமிடம்.
பிறகுதான் எழுந்தேன்.

மேலாளர் கிரொவெத்தோ குரல் உயர்த்தவில்லை.
"மாலையில் இங்கே ஒரு நிச்சயதார்த்தம், மேடம்.
அறிக்கையில் நாளைய தேதி இருந்தால் போதும்.
இன்னொரு இரவு தங்குங்கள்,
கடல் பார்த்த அறை, இருவருக்கும்,
எங்கள் அன்பாக."

முடியாது என்றேன்.
அது சுலபம்.
இருபத்திரண்டு வருடமாகப் பழகிய சொல்.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.
சில்வானோ துண்டைப் போர்த்தியபடி
அப்போதுதான் வந்திறங்கியவன்போல்
சுற்றிலும் பார்த்தான்.
விலைச்சீட்டு தண்ணீரில் கரைந்திருந்தது.

ரயிலில் படிவத்தைப் பிரித்தேன்.
இரண்டு பத்திகள்: பணி, சொந்தம்.
காப்பி, சொந்தம்.
ரசாயன மாத்திரைகள், பணி.
அந்தப் பதினொரு நிமிடத்தின் எதிரே
பேனா நின்றது.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்;
என் இரண்டு காலும்
கரையில்தான் இருந்தன, காய்ந்து.

எதிரே சில்வானோவின் கண்கள்
செக்கச் செவேலென்று.
கசக்கிக்கொண்டே இருந்தான்.
டிக்கெட் பார்க்க வந்தவர் இரங்கினார்:
"மொனாக்கோவை விட்டு வருகிற எல்லோருக்கும்
இப்படித்தான் ஐயா. மறுபடி வரலாம், அழாதீர்கள்."

சில்வானோ என்னைப் பார்த்தான்.
எவ்வளவு தெரியும் அவனுக்கு?

"அழவில்லை" என்றான் அவரிடம்.
"இது அலுவலகக் கணக்கு."